முப்பத்தோராம் நிமிடம்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ரூபிக்கு நாலு படம் முடிந்து, ஒன்று பாக்கி இருந்தது.

வாரப் பத்திரிகையில் 'ரூபியின் ஐந்து' வெளியாகிற பக்கத்துக்கு, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் மேட்டர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். உதவி ஆசிரியர் நூர் அகமது தங்கமான மனிதர். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

அடுப்படி மேஜையில் லேப்டாப்பை வைத்து, எழுதியதை ஒரு தடவை வாசித்தாள்.

*பட்டா நம்பர் 47: நிலத்துக்காக ஆரம்பிக்கிற சண்டை, இடைவேளைக்குள் நிலத்தையே மறந்துவிடுகிறது. ஹீரோ அடித்த ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டோடு தூங்கிவிட்டேன்.*

*கதவு எண் 13/2: பேய்ப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கதவுக்கு எண்ணெய் போடுங்கள். காதுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டினால் யாரும் திடுக்கிடத்தான் செய்வார்கள். அதற்குப் பெயர் பயமில்லை.*

*செங்கல் எண்ணும் கை (ஆவணப்படம்): சூளையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாள். மதியம் அவர் சாப்பிட உட்காரும்போது கேமராவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த மரியாதைக்காகவே பார்க்கலாம்.*

நாலாவது ஒரு மாமியார் மருமகள் காமெடி. அதற்கு ஒன்றரை வரியே அதிகம்.

ஐந்தாவது, வினிதா என்ற பெண் அனுப்பிய ஆவணப்படம். சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய கேமராவில், தனி ஆளாக எடுத்த படம். பெயர் 'இறைக்காத கிணறுகள்'. திண்டுக்கல்லைச் சுற்றிக் கைவிடப்பட்ட பன்னிரண்டு கிணறுகள். டைட்டில் போக, ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றையும் குருவியையும் அப்படியே பதிவு செய்திருந்தாள்.

ரூபிக்குப் படம் பிடித்திருந்தது. ஒரு கிணற்றில் ஆலஞ்செடி, ஒன்றில் பாட்டில் குப்பை, ஒன்றில் ஆமை. டீயைக் குடித்தபடி, 'பொறுமையான கண்' என்று ஒரு வரியை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நிமிடத்தில் எட்டாவது கிணறு வந்தது.

உச்சி வெயில். உடைந்த கைப்பிடிச் சுவர். பின்னால் ஒரு புங்கமரம், அதற்கும் பின்னால் நீலமாக மலை. ஒரு நிமிடம் வரை ஒன்றும் அசையவில்லை.

பிறகு, சுவருக்கு வலது ஓரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தலை மேலே வந்தது.

தலை, தோள், முதுகு. உள்படியில் ஏறி வருகிறவன்போல அவசரமில்லாமல் ஏறி வந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். கேமராவுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்தபடி. நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒரு கால் மடக்கி, ஒரு கால் தொங்கப் போட்டு.

இரண்டு நிமிடம் அப்படியே இருந்தான். எழும்பும் முன் இரண்டு தொடையிலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். பிறகு வந்த வழியே உள்ளே இறங்கிப் போனான்.

டீ கிளாஸ் ரூபியின் கையில் சாய்ந்து, நைட்டியில் கொட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சாப்பிட்டு எழும்பும்போது அப்படித் தொடையில் தட்டிக்கொண்டு எழும்புகிற ஆள் இந்த வீட்டில் ஒருவன் இருந்தான். அவள் தம்பி பிராங்கிளின்.

பிராங்கிளினைப் பற்றி இந்தக் கதையை வாராவாரம் படிக்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. மோட்டார் மெக்கானிக். எட்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், மனைவி ஷைனியோடு சண்டை போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தவன் திரும்பவில்லை. பைக் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரத்தில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஏழு வருடம் முடிந்ததும் கோர்ட், 'இறந்ததாகக் கருதலாம்' என்றது. ஆயர் இல்லத்திலிருந்தும் அனுமதி வந்தது. சேவுகம்பட்டி கணக்கு வாத்தியார் பிரான்சிஸ், மனைவியை இழந்தவர், ஷைனியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில், போன ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்றைக்கு இரண்டாவது.

ரூபி படத்தைப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் பார்த்தாள். மறுபடியும்.

அந்தச் சட்டை அவன் போன அன்று போட்டிருந்த சட்டை. ஈஸ்டருக்கு எடுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் 'காணாமல் போனபோது அணிந்திருந்த உடை' என்று அவளே எழுதிக் கொடுத்தது. எட்டு வருட வெயிலில் நீலம் கொஞ்சம்கூட வெளுத்திருக்கவில்லை.

"மதினி, மணி ஏழாச்சு. பூசைக்கு வரலையா?"

வாசலில் ஷைனி. மாம்பழக் கலரில் சேலை, தலையில் கொஞ்சமாகப் பூ. எட்டு வருடம் கழித்துப் போன வாரந்தான் பூ வைக்க ஆரம்பித்திருந்தாள். ரூபி லேப்டாப்பை மூடினாள்.

"வாரேன். அஞ்சு நிமிஷம்."

---

திருப்பலி முடிந்து அறிவிப்புகள் வாசிக்கப்பட்டன.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரூபி, ஷைனி, அம்மா வியாகுலம்மாள். ஆண்கள் பக்கத்தில் பிரான்சிஸ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பவர்போல நேராக நின்றிருந்தார்.

"சேவுகம்பட்டி அந்தோணிமுத்து, சவேரியம்மாள் தம்பதியரின் மகன் பிரான்சிஸ் என்பவருக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற பிராங்கிளினின் மனைவி ஷைனி என்பவருக்கும்..."

காலஞ்சென்ற. ரூபியின் கண்ணுக்குள் அந்த முதுகு உட்கார்ந்திருந்தது.

"இது இரண்டாம் அறிவிப்பு. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தோர், அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

யாரோ இருமினார்கள். மின்விசிறி கடகடத்தது. எழும்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ரூபி இருக்கையின் நுனிக்கு நகர்ந்துவிட்டிருந்தாள். ஷைனியின் கை வந்து அவள் கைமேல் உட்கார்ந்தது. ஈரமாக இருந்தது.

"எனக்குத்தான் பயமா இருக்குன்னா, உங்களுக்கு ஏன் மதினி இம்புட்டுப் பதட்டம்?" என்று ஷைனி காதோரம் சிரித்தாள்.

ரூபி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வியாகுலம்மாள் கண்ணை மூடி, விரலால் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக, "எம்மகன் சாகல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கோர்ட்டில் சாட்சிக்கு வரமாட்டேன் என்று அழுதவள். ஷைனி கல்யாணம் என்றதும் மட்டும், யாரும் எதிர்பாராத மாதிரி, "நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டவள்.

ஏன் சொன்னாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

---

வீட்டுக்கு வந்ததும் ரூபி மாடிக்குப் போய் வினிதாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா! படம் பாத்தீங்களா? நாலு வார்த்தை திட்டி எழுதினாக்கூட போதும்க்கா."

"திட்ட மாட்டேன். நல்லாருக்கு. ஒண்ணு கேக்கணும் வினிதா. எட்டாவது கிணறு. அந்த ஆளு யாரு?"

எதிர்ப்பக்கம் தறி ஓடுகிற ஓசை மட்டும் தூரத்தில் கேட்டது.

"உங்களுக்கும் தெரியுதாக்கா?"

"தெரியுதாவா? நடு ஃப்ரேம்ல உக்காந்திருக்கான்."

"இல்லக்கா..." வினிதாவின் குரல் இறங்கியது. "நான் சொல்றதைச் சிரிக்காமக் கேளுங்க. அன்னிக்கு அங்க யாருமே வரல. நான் கேமராவுக்கு ரெண்டடி பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிணத்துக்குள்ள எட்டியும் பாத்தேன். பச்சைத் தண்ணி, அம்புட்டுதான். இருபது நிமிஷம் எடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல வந்து போட்டுப் பாத்தா, அந்த ஆளு ஏறி வாராரு."

"நீ நின்னுக்கிட்டு இருக்கும்போதே?"

"ஆமாக்கா. எங்க அம்மாகிட்டக் காட்டினேன். கிணறுதானே இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. என் ஃப்ரெண்டு ஸ்ரீஹரிக்கும் தெரியல. எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அந்தத் துண்டை வெட்டி எறிய மனசு வரல. யாராவது ஒருத்தர் கேக்க மாட்டாங்களான்னுதான் விட்டு வெச்சேன்."

"அந்தக் கிணறு எங்க இருக்கு?"

"கன்னிவாடி தாண்டி, மலையடிவாரத்துல. பொன்னுச்சாமின்னு ஒருத்தர் தோட்டம்." சொன்ன கையோடு, "போகாதீங்கக்கா. போறதுன்னா தனியாப் போகாதீங்க" என்றாள்.

---

அடுப்படியில் வியாகுலம்மாள் கறிக்குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஷைனி பக்கத்து வீட்டுக்குக் கறி கொடுக்கப் போயிருந்தாள். அதுதான் நேரம் என்று ரூபி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, செத்த இதைப் பாரேன்."

"கிணறா? கிணத்தையெல்லாம் படம் எடுக்கிறாகளா?" வியாகுலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள்.

ரூபி படத்தை ஓட விட்டுவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பதினைந்து வருடமாகப் படம் பார்க்கிறவள். திரையைப் பார்ப்பதைப் போலவே, தியேட்டரில் பக்கத்தில் இருப்பவர்களையும் பார்த்துப் பழகியவள். முதல் தடவை பார்க்கிறவர்களின் கண் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே போகும். இந்தப் படத்தில் என்றால், மலைக்கு.

அம்மாவின் கண் மலைக்குப் போகவில்லை. கைப்பிடிச் சுவரின் வலது ஓரத்துக்குப் போய், அங்கேயே நின்றது. இன்னும் யாரும் ஏறி வராத இடத்துக்கு.

தலை மேலே வந்தது. முதுகு வந்தது. அவன் உட்கார்ந்தான். வியாகுலம்மாள் இமைக்கவில்லை. அவன் தொடையைத் தட்டி எழும்பியபோது அவள் உதடு மட்டும் அசைந்தது.

"தெரியுதாம்மா? ஆளு தெரியுதா?"

"தெரியுது."

"யாரும்மா அது?"

வியாகுலம்மாள் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, அலமாரித் தட்டில் வைத்தாள். "யாரோ தோட்டத்து ஆளு. எம்மகன் இல்ல."

"நான் பிராங்கிளின்னு சொல்லவே இல்லியேம்மா."

குழம்பு கொதித்து வழிந்து அடுப்பு சீறியது. வியாகுலம்மாள் அதைப் பார்க்கப் போனவள், அப்புறம் திரும்பவே இல்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும், வெஞ்சனம் பரிமாறியபோதும் ரூபியின் கண்ணைத் தவிர்த்தாள். இரண்டரை மணிக்கு மாதா சபைக் கூட்டம் இருக்கிறதென்று கிளம்பிப் போய்விட்டாள்.

---

ஷைனி தமிழ் டீச்சர். ரூபியின் பக்கம் பத்திரிகைக்குப் போகும் முன் ஒற்று, சந்தி எல்லாம் பார்த்துத் தருவது அவள்தான். ஞாயிறு மதியம் அது வழக்கம்.

ரூபி கைகழுவிவிட்டு வருவதற்குள் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள். திரையில் கட்டுரை இல்லை. கிணறு இருந்தது. அவன் உட்கார்ந்திருந்தான்.

ரூபி ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

ஷைனி அழவில்லை, கத்தவில்லை. கன்னத்தில் கை வைத்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கிப் போனதும் நிறுத்தினாள்.

"மதினி, இந்தக் கிணறு எங்க இருக்கு?"

"ஷைனி, அது அவன்தானான்னு நமக்கு..."

"எங்க இருக்கு?"

"கன்னிவாடி."

"ஸ்கூட்டிய எடுங்க. போயிட்டு வந்துருவோம்." எழும்பியவள், தலையிலிருந்த பூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அன்னைக்குக் காலையில நான் அவரைப் பாத்துச் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா? 'எங்கிட்டாவது போய்த் தொலை'. எட்டு வருஷமா ஒரு மனுசன்கிட்டயும் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல மட்டுந்தான் சொன்னேன்."

---

ரெட்டியார்சத்திரம் தாண்டிக் கன்னிவாடி ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் முருங்கைத் தோப்பு. வெயிலுக்கு ரோட்டில் ஈ காக்கை இல்லை. மலை கிட்டே வரவர, காலையில் திரையில் பார்த்த அதே நீலம். ரூபிக்குப் படத்துக்குள் வண்டி ஓட்டிப் போகிற மாதிரி இருந்தது.

பொன்னுச்சாமியின் தோட்டத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தவர் எழும்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாருங்கம்மா? எந்தூரு?"

"திண்டுக்கல்லுங்க. பழைய கிணறு ஒண்ணு இருக்காமே. அதைப் பாக்கணும்" என்றாள் ரூபி.

"போன வருசம் ஒரு புள்ளை வந்து படம் புடிச்சிட்டுப் போச்சு. இப்ப நீங்களா? போர் போட்டதுல இருந்து அந்தப் பக்கம் நானே அதிகமாப் போறதில்லீங்க. வாங்க."

சோளத்தட்டைக்குள் நடந்தார்கள். புங்கமரம் வந்தது. கைப்பிடிச் சுவர் வந்தது. மரத்தில் இலை அசையவில்லை. அதுவரை கூடவே வந்துகொண்டிருந்த தோட்டத்து நாய், மரத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டது.

ரூபி வலது ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உள்படிகள் மேலே இரண்டுதான் மிச்சம். அதற்குக் கீழே கல்லெல்லாம் பெயர்ந்து, செங்குத்தாகச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர்.

"இதுல ஆளு ஏறி இறங்க முடியுங்களா?"

"எப்படீங்க முடியும்? படி இடிஞ்சு பத்து வருசம் ஆச்சு. பல்லிதான் ஏறணும்." பொன்னுச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஏனுங்க, அந்த அம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"எந்த அம்மா?"

"வாரந்தவறாம செவ்வாக்கெழமை ஒரு அம்மா வருமுங்க. ரெண்டு வருசமா. கழுத்துல செபமாலை போட்டிருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும். கேட்டா, வேண்டுதல்னு சொல்லுச்சு. சரி, நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோயிலுக்குப் போறேன் என்று அம்மா காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்புகிற நாள்.

"வந்து என்னங்க பண்ணுவாங்க?" ரூபிக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது.

"தூக்குவாளியில சோறு கொண்டாரும். கயித்துல கட்டி உள்ள இறக்கும். மரத்தடியில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும். செத்த நேரம் கழிச்சு மேல இழுக்கும்." பொன்னுச்சாமி கிணற்றைப் பார்க்காமல் சோளத்தட்டையைப் பார்த்துச் சொன்னார். "வாளி காலியாத்தான் வருமுங்க. கழுவி வெச்ச மாதிரி. மீனு தின்னுருக்கும்னு நினைச்சுக்குவேன். கிணத்துல மீனு இல்லைங்கிறது எனக்கே தெரியும்."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. தண்ணி பாய்கிறது, மடை மாற்றணும் என்று போய்விட்டார்.

ஷைனி கைப்பிடிச் சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். அவன் உட்கார்ந்திருந்த இடம். வெயிலில் சுட்டுக் கிடக்க வேண்டிய கல். அவள் கையை எடுக்கவில்லை.

"மதினி, இந்த எடம் மட்டும் சில்லுன்னு இருக்கு."

"ஷைனி, போதும். வா."

"ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துருறேன்." அவள் குனிந்தாள். "பிராங்கிளின்! நான்தான். எனக்குக் கல்யாணம். அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. பிராங்கிளின்!"

கிணறு அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லவில்லை.

"ஷைனி! வா இங்க!" என்று ரூபி பதறிக் கத்தினாள். *வா இங்க... இங்க... இங்க...* என்று கிணறு அதை மூன்று தடவை சொன்னது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஓடவில்லை, ஆனால் நடக்கவும் இல்லை.

---

ரோட்டோரம் வண்டி பக்கத்தில் வந்து நின்றபோது போனில் நூர் அகமதுவின் செய்தி. 'மணி 4.50. நாலுதான் இருக்கு. அஞ்சாவது எங்கே மேடம்?'

ரூபி புளியமரத்து நிழலில் நின்று தட்டினாள்.

*இறைக்காத கிணறுகள் (ஆவணப்படம்): பன்னிரண்டு கிணறுகள், ஒரு பொறுமையான கண். முப்பத்தோராம் நிமிடத்தில் ஒரு மனிதர்...*

விரல் நின்றது. இதைத் திண்டுக்கல் முழுக்க வாசிப்பார்கள். பிரான்சிஸ் வாசிப்பார். பங்குத்தந்தை வாசிப்பார். ஆளாளுக்குப் படத்தைத் தேடிப் பார்ப்பார்கள். சிலருக்கு அவன் தெரிவான், சிலருக்குத் தெரியமாட்டான். மூன்றாவது ஓலை வாசிக்கப்படாது. ஷைனி மறுபடியும் பூ இல்லாமல் பள்ளிக்கூடம் போவாள், கோர்ட்டுக்குப் போவாள், பதில் இல்லாமல் இன்னொரு எட்டு வருடம்.

பதினைந்து வருடத்தில், பிடிக்காத படத்தைப் பிடித்ததாக அவள் எழுதியதில்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் எழுதியதில்லை.

கடைசி வாக்கியத்தை அழித்தாள். *ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஒரு மனிதர்கூட வருவதில்லை. அந்த வெறுமைதான் படத்தின் பலம்* என்று முடித்து, அனுப்பினாள்.

'சூப்பர்' என்று பதில் வந்தது.

ஷைனி எட்டிப் பார்த்து வாசித்தாள். "எதுக்கு மதினி?" என்று கேட்டாள். ரூபி வண்டியைக் கிளப்பினாள்.

---

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வியாகுலம்மாள் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவர்கள் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள். கை நின்றது.

ரூபி எதிரில் உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கிழமை எங்கம்மா போற?"

வியாகுலம்மாள் மறைக்கவில்லை. மறைத்து மறைத்து அலுத்துப்போனவள்போல, மடியிலிருந்த கீரையைத் தள்ளி வைத்தாள்.

"அவன் பைக் நின்ன டீக்கடையில கேட்டேன். கன்னிவாடிப் பக்கம் ஏதோ மோட்டார் பாக்கப் போனான்னு ஒருத்தர் சொன்னாரு. தோட்டந்தோட்டமாத் தேடினேன். ஆறு வருசம். ஒரு செவ்வாக்கிழமை, மத்தியானம், அந்தச் சுவத்துல உக்காந்திருந்தான். 'சாப்டியா அப்பு'ன்னு கேட்டேன். இல்லம்மான்னான்."

"அம்மா..." ரூபி கிட்டே நகர்ந்தாள். "அவன் உசுரோட இருக்கானா?"

"அதை நான் கேட்டதில்ல."

"ஏம்மா?"

"கேட்டா அடுத்த வாரம் வராமப் போயிட்டா?" வியாகுலம்மாளின் கண்ணிலிருந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "வீட்டுக்கு வாடான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டுட்டேன். நீ கூப்பிட்டா வர முடியாதும்மான்னு சொல்லிட்டான். ஷைனிக்கு வாத்தியார் மாப்பிள்ளை வந்தப்ப அவன்கிட்டத்தான் மொதல்ல சொன்னேன். நல்ல மனுசன்னா கட்டிக்கிடட்டும்னான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டான்."

நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஷைனி, "என்ன கேட்டாரு அத்தே?" என்றாள்.

"உன்னைய அங்கிட்டு வர விட்டுரக் கூடாதுன்னான். நீ வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் அவனால இருக்க முடியாதாம். எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவானாம்."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. ஷைனி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டுட்டேன் அத்தே" என்றாள் ஷைனி. "ரெண்டு தடவை."

வியாகுலம்மாள் அவளையே பார்த்தாள். திட்டவில்லை. சுவரைப் பிடித்து எழும்பி, வலது காலை இழுத்து நடந்து போய் வாசல் விளக்கைப் போட்டாள். பிறகு அடுப்படிக்குள் போனாள். அரிசிப் பானையின் மூடியை எடுக்கிற சத்தம் கேட்டது.